வெள்ளிக்கிழமை பதினோரு மணி

எருமைப் பாலில் அறுபத்தைந்து சதவீதம் கொழுப்பு என்று கம்ப்யூட்டர் சொன்னபோது ராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டு இன்னொரு முறை திரையைப் பார்த்தார்.

"ஆறரை இருக்கணும். அறுவத்தஞ்சுன்னா அது பாலு இல்லம்மா, வெண்ணெ. கீழ்பென்னாத்தூர்ல எந்த எருமை நேரா வெண்ணெ கறக்குதுன்னு சொல்லுங்க. நானே போயி மாலை போட்டுட்டு வரேன்."

ஆதிலட்சுமிக்கு இரண்டு காதும் சுட்டன. "புள்ளி எடம் மாறிடுச்சுங்க. சின்ன தப்புதான். ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றாள்.

சின்னத் தப்புதான், அதில் சந்தேகமில்லை. பத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் வகுக்காமல் விட்டிருந்தாள். அதைத் திருத்தினாள். எழுதியதை வைத்து, ஓட்டக்கூடிய புரோகிராமைப் புதிதாகக் கட்டித் தரும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். 'முடிந்தது' என்று அது இங்கிலீஷில் பதில் சொன்னது. ஓட்டிப் பார்த்தாள். அறுபத்தைந்து. எழுதிய ஃபைலை மறுபடி திறந்து பார்த்தாள், திருத்தம் அங்கேயே இருந்தது. மறுபடி கட்டச் சொன்னாள். முடிந்தது என்றது. மறுபடியும் அறுபத்தைந்து.

வேறு வழி தெரியாமல் பிளாப்பியை உருவிக்கொண்டு போய்ப் பக்கத்து அறையில் இருந்த பெரிய யந்திரத்தில் போட்டாள். அங்கே ஒரே தடவையில் ஆறரை வந்தது. அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"ஒரே எழுத்து, ரெண்டு மெஷினு, ரெண்டு பதிலு" என்று சொல்லி ராமகிருஷ்ணன் எழுந்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை இதே பதினோரு மணிக்கு வரேன். அப்பவும் எருமை இப்படியே இருந்துதுன்னா மெட்ராஸ் கம்பெனிக்கு குடுத்துடலாம்னு எழுதிட்டுப் போயிகினே இருப்பேன்."

ராமகிருஷ்ணன் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் அதிகாரி. சங்கத்தின் பெயர் நமக்கு வேண்டாம். மனுஷர் எந்த வேலையையும் ராகு காலத்தில்தான் வைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை, சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்று ஒவ்வொரு நாளைக்கும் அவருக்கு மனப்பாடம். நம்பிக்கை உள்ளவனுக்குக்கூட அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. "அந்த நேரத்துலதான் எந்த ஆபீஸ்லயும் கூட்டம் கம்மி" என்பது அவர் சொல்லும் நியாயம். அது பொய்யும் இல்லை.

அவர் மாடிப்படி இறங்கின சத்தம் ஓய்ந்ததும் கோதண்டராமன் நாற்காலியில் சாய்ந்தார். அவர்தான் முதலாளி. தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் பதினேழு வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். நாலு வருஷத்துக்கு முன் கூடத்தின் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து, ஏ.சி. மாட்டி, 'சோணாசலம் கம்ப்யூட்டர் சென்டர்' என்று போர்டு எழுதிவிட்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் டைப்ரைட்டர்கள், அந்தப் பக்கம் இரண்டு அறைகளில் சின்னதும் பெரியதுமாக இரண்டு கம்ப்யூட்டர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். கோதண்டராமன் செருப்பைக் கழற்றிவிட்டும் உள்ளே போவதில்லை. தான் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று அவருக்குப் பயம்.

"ஏம்மா, திருத்திட்டேன்னு சொன்ன. ரெண்டு வாட்டி சொன்ன."

"திருத்தினேன் சார். ஃபைல்ல இருக்கு. பாருங்க."

"நான் பாத்து எனக்கு இன்னா தெரியப் போவுது." தாடையைச் சொறிந்துகொண்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நான் உன்னச் சொல்லலம்மா. ஆனா வெள்ளிக்கிழமையும் இப்படின்னா எனக்கு வேற வழி இல்ல. அந்தப் பக்கத்த மூடிட்டு, திங்கக்கிழமைலேர்ந்து நீ டைப்ரைட்டிங் கிளாஸ் எடுத்துக்க. வேலைய விட்டுப் போன்னு சொல்லல. அத மட்டும் சொல்ல மாட்டேன்."

அவர் நல்லவர்தான். நல்லவர்கள் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆதிலட்சுமி கீழ்பென்னாத்தூர்க்காரி. அப்பாவுக்கு வேர்க்கடலை விளையும் மணிலாக் கொல்லையும் கொஞ்சம் நஞ்சையும் உண்டு. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வேலூரில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தாள். இங்கே வந்து சேர்ந்தபோது முதல் எட்டு மாசம் டைப்ரைட்டிங் வகுப்புதான். ஏ எஸ் டி எஃப், ஏ எஸ் டி எஃப் என்று இருபது பேர் ஒரே சமயத்தில் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் விரல் தவறும்போது ஸ்கேலால் மேஜையைத் தட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். போன நாள் முதல் இந்தப் பக்கம் திரும்பி வருவதைக் கெட்ட கனவில்கூட அவள் கண்டதில்லை. இப்போது அந்த ஏ எஸ் டி எஃப் கண்ணாடி வழியாகக் கேட்கும்போதெல்லாம் தன்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

சங்கத்து வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழ்பென்னாத்தூர், அடி அண்ணாமலை மாதிரியான ஊர்களின் பால் நிலையங்களில் சின்னக் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்கள். அது டாஸ் யந்திரம். வேலூர் தலைமை அலுவலகத்தில் இருப்பதோ பெரியது, யூனிக்ஸ். எந்த ஊரில் எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு என்று எழுதி வைக்கும் அதே புரோகிராம் இரண்டிலும் ஓட வேண்டும். ஆனால் இரண்டும் மாமியாரும் மருமகளும் மாதிரி. ஒன்றில் சாய்வுக்கோடு இடப்பக்கம் சாயும், மற்றதில் வலப்பக்கம். ஒன்றுக்கு எட்டெழுத்துக்கு மேல் ஃபைல் பெயர் ஆகாது. மற்றது பெரிய எழுத்தில் எழுதின பெயரையும் சின்ன எழுத்தில் எழுதின பெயரையும் வேறு வேறு ஆள் என்று நினைத்துக்கொள்ளும்.

மற்றவர்களாக இருந்தால் இரண்டு புரோகிராம் எழுதியிருப்பார்கள். ஆதிலட்சுமி ஒன்றுதான் எழுதினாள். எந்த ஃபைலை எதற்குப் பிறகு கட்ட வேண்டும் என்ற விதிகளையும் ஒரே ஏட்டில் வைத்தாள். இரண்டு யந்திரத்துக்கும் வித்தியாசப்படும் சங்கதிகளை மட்டும் தனித்தனியாக இரண்டு சின்னத் தாள் மாதிரிப் பிரித்தாள். அந்த ஏட்டைப் படித்து வேலை செய்யும் கருவிக்கு 'மேக்' என்று பெயர். மேக் ஒரு சிக்கனக்காரச் சமையல்காரி. மாவு புதிதாக அரைத்திருந்தால்தான் புது இட்லி ஊற்றுவாள். இட்லி வெந்த பிறகு மாவு மாறவில்லை என்றால், வெந்த இட்லியே போதும் என்று உட்கார்ந்துவிடுவாள். எது புதிது எது பழையது என்று அவள் பார்ப்பது ஒவ்வொரு ஃபைல் மேலும் குத்தியிருக்கும் தேதியையும் மணியையும்தான். வேறு எதையும் பார்க்க மாட்டாள்.

ஒரே ஏடு, இரண்டு யந்திரம். இந்த யோசனை தோன்றின அன்று ஆதிலட்சுமி பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். ஆகவே அறுபத்தைந்து வந்தபோது அவமானப்பட்டது எருமை இல்லை, அந்த யோசனைதான்.

விஷயம் அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கே பன்னிரண்டு மணிக்கு மேல் அவள் மறுபடி ஃபைலைத் திறந்து, எதையும் மாற்றாமல் அப்படியே சேமித்து மூடி, கட்டச் சொன்னாள். ஆறரை வந்தது. ராமகிருஷ்ணன் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"நான் சொல்லல?" என்றார் கோதண்டராமன் தடுப்புக்கு வெளியிலிருந்து. "ராகு காலம் போச்சு, சரியாயிடுச்சு. அந்த ஆளு வேற நேரத்துக்கு வந்தா இன்னா கொறைஞ்சா போயிடுவாரு."

கம்ப்யூட்டருக்கு ராகு காலம் தெரியாது சார் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. திருத்தியதே திருந்த மாட்டேன் என்கிறபோது, தெரியாது என்று எதை நம்பிச் சொல்வது?

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மத்தியானம் ஒரு தலைப்பைத் திருத்தினாள், மாறவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சேமித்துக் கட்டியபோது மாறியது. அந்த ஏட்டை வரி வரியாக இருபது தடவை படித்தாள். முழுவதையும் அழித்துவிட்டுக் கையாலேயே திரும்ப அடித்தாள். நிரந்தரமாகத் தப்பாக இருக்கும் யந்திரத்தோடு மல்லுக்கட்டலாம். இது நினைத்தால் சரி, நினைத்தால் தப்பு. புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு ஒரு பயம் வந்தது. யந்திரத்தில் ஒன்றுமில்லை, தனக்குத்தான் மூளை குழம்பிவிட்டது, திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு திருத்தாமலே விட்டுவிடுகிறோம் என்ற பயம். வேலை போவதைவிட அது பெரிய பயம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சோறும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் கரண்டு போனது. அந்தக் கோடையில் தினம் ஒரு வேளையாவது போகும். வழக்கம்போல ஆதிலட்சுமி கீழே இறங்கி டீ குடிக்கப் போனாள். இரண்டு மணிக்குக் கரண்டு வந்தது. அவள் மாடியேறி வருவதற்குள் ராஜம்மாள் கம்ப்யூட்டரை ஆன் செய்து, பிளாப்பி போட்டுத் தயாராக வைத்திருந்தாள்.

ராஜம்மாள் அந்த இன்ஸ்டிட்யூட்டின் கதவைத் திறப்பவள், பெருக்குபவள், சாமி படத்துக்குப் பூ வைப்பவள். வயது நாற்பத்தெட்டு. கம்ப்யூட்டர் வந்த புதிதில், அதை ஆன் செய்ய மட்டும் எனக்குக் காட்டிக்கொடு என்று ஆதிலட்சுமியைக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அன்று முதல் அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆன் செய்தால் அந்தச் சின்ன யந்திரம் இன்று என்ன தேதி, இப்போது மணி என்ன என்று கேட்கும். அதற்குள் பேட்டரி கிடையாது, கரண்டு போனால் காலமும் மறந்துவிடும். ராஜம்மாள் ஒற்றை விரலால் தேதியும் மணியும் அடிப்பாள். மத்தியானம் ஒரு மணியைப் பதிமூன்று என்று அடிக்க வேண்டும் என்பதுவரை அத்துப்படி. பக்கத்து அறையில் இருந்த யூனிக்ஸ் யந்திரத்துக்குச் சொந்தமாகப் பேட்டரிக் கடிகாரம் உண்டு. அது யாரையும் எதுவும் கேட்காது.

ஆதிலட்சுமி உட்கார்ந்தாள். தன் மூளையையே சோதித்துவிடுவது என்று தீர்மானித்து, தலைப்பில் 'பால்' என்று வர வேண்டிய இடத்தில் 'கத்திரிக்காய்' என்று வரும்படி மாற்றினாள். கட்டச் சொன்னாள். முடிந்தது என்றது. ஓட்டினாள். பால் என்றே வந்தது.

கத்திரிக்காய் என்று அடித்தது கனவில்லையே. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. அதிகாரிகள் பார்க்கும்போது திரை சுத்தமாக இருக்கட்டும் என்று, வேலை நடக்கையில் ஓடும் வரிகளையெல்லாம் அவளே மறைத்து வைத்திருந்தாள். கடைசியில் 'முடிந்தது' என்ற ஒரு சொல் மட்டும் வரும். பெருமைக்குச் செய்த காரியம். அந்த மறைப்பை எடுத்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னாள்.

ஒரு வரியும் ஓடவில்லை. மேக் எதையுமே கட்டவில்லை. வெந்த இட்லி போதும் என்று உட்கார்ந்திருந்தாள் சமையல்காரி.

ஆதிலட்சுமி ஃபைல்களின் பட்டியலை வரவழைத்தாள். கரண்டு போவதற்கு முன் கட்டின ஃபைல் மேல் மணி 1.36 என்று இருந்தது. சரிதான், அப்போதுதான் கட்டினாள். இப்போது கத்திரிக்காய் போட்டுச் சேமித்த ஃபைல் மேல் 1.32 என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பத்து.

பிறகு யந்திரத்தைப் பார்த்து மணி என்ன என்று அவள் கேட்டாள். 1.33 என்றது.

"அக்கா."

"இன்னா பாப்பா." ராஜம்மாள் டைப்ரைட்டர்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"கரண்டு வந்தப்புறம் மணி எவ்ளோன்னு போட்டீங்க?"

"பதிமூணு இருவத்தஞ்சு."

"ரெண்டு மணிக்குத்தான கரண்டு வந்துச்சு."

"ஆமா, ரெண்டுதான். வியாழக்கெழம ஒன்றரைலேர்ந்து மூணு வரைக்கும் ராகு காலம் பாப்பா. அந்த நேரத்துல எப்படித் தொடக்கறது? அதான் அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் வெச்சுப் போட்டேன்." கொஞ்சமும் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். "ஊருக்குப் போறவங்க ராகு காலத்துக்கு முன்னாடியே பையக் கொண்டுபோயி எதிர் ஊட்டுல வெச்சிடுவாங்க இல்ல? பொறப்பட்ட மாதிரி ஆயிடும். அப்பறம் எப்ப வேணா போவலாம். அந்த மாதிரிதான்."

"நேத்து?"

"நேத்து பன்னெண்டரைக்குத்தான கரண்டு போயிட்டு வந்துச்சு? பதினொன்னு அம்பத்தஞ்சு போட்டேன்."

"போன வெள்ளிக்கிழமை? அந்த சார் வந்தப்ப?"

"பதினோரு மணிக்கு வந்துச்சு கரண்டு. பத்து இருவத்தஞ்சு போட்டேன். நீ பயந்துகினு இருந்தியே, உன் வேலையாவது நல்ல நேரத்துல ஆரம்பிக்கட்டும்னுதான்."

ஆதிலட்சுமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அது அழுகையாக மாறிவிட்டது, நிறுத்த முடியவில்லை. மூளை குழம்பவில்லை. ஏடு தப்பில்லை. யோசனை தப்பில்லை. திருத்தியதெல்லாம் திருத்தியதுதான். கரண்டு வந்த பிறகு கடிகாரம் பின்னால் போய்விட்டதால், அவள் திருத்திய ஃபைல் எல்லாம் பழசு என்றும் கட்டி வைத்தது எல்லாம் புதுசு என்றும் அந்தச் சிக்கனக்காரி நம்பிவிட்டாள். பக்கத்து அறை யந்திரத்தில் மட்டும் ஏன் எப்போதும் சரியாக வந்தது என்பதும் இப்போது விளங்கியது. அதன் மணியை யாரும் போடுவதில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. அது ஆறரை சதவீதப் பால்தான்.

பயந்துபோன ராஜம்மாள் ஓடி வந்தாள், செருப்பு இல்லாத காலைச் சேலையில் துடைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். "இன்னா பாப்பா, ஏன் அழுவுற?"

சொல்லாமல் மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள் ஆதிலட்சுமி. அது சரியில்லை என்று பட்டது. பட்டியலைக் காட்டி, எந்த ஃபைலில் எந்த மணி என்று விரல் வைத்து மெதுவாகச் சொன்னாள். ராஜம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மணியைப் பற்றி அவளுக்குப் புரியாதது ஒன்றுமில்லை. முகம் விழுந்துவிட்டது.

"அப்போ நான்தான் உன் பொழப்பக் கெடுத்தேனா."

"கெடுக்கலக்கா. தெரியாம நடந்தது."

"எனக்கு அந்த நேரம்னாலே ஆவாது பாப்பா." கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா சீர்திருத்தம் பேசற ஆளு. என் கல்யாணத்த வேணும்னே ராகு காலத்துல வெச்சாரு. வெள்ளிக்கெழம பதினோரு மணி. மேடை போட்டு, மைக் வெச்சு, மாலை மாத்தினோம். மூணு மாசம். அந்தாளு பெங்களூருக்குன்னு போனது, திரும்பி வரல. ஊரே சொல்லுச்சு, நேரம் அப்படின்னு. முப்பது வருஷமா நானும் அந்த நேரத்துல ஒரு அடுப்புகூடப் பத்த வெச்சதில்ல. நீயாவது நல்லா இருக்கணும்னு பாத்தேன்."

ஆதிலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இனிமே அத தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ராஜம்மாள் எழுந்து போனாள்.

கோதண்டராமன் வந்து கேட்டபோது ஆதிலட்சுமி, "கடிகாரம் தப்பா இருந்துச்சு சார். கண்டுபுடிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். யார் போட்ட மணி என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துச் சங்கதிகளில் அவருக்குக் கேள்விகள் குறைவு.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ராமகிருஷ்ணன் வந்தார். சொன்ன நிமிஷத்துக்கு வந்தார். ஆதிலட்சுமி காலையிலேயே தன் கையால் மணி போட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டி வைத்திருந்தாள். ஆறரை. பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள், பத்துத் தடவையும் ஆறரை.

ராமகிருஷ்ணன் திரையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு, "இது ஏற்கெனவே செஞ்சு வெச்சதும்மா. ஆக்கி வெச்ச சோத்த எடுத்து வெக்கறதுல இன்னா இருக்கு?" என்றார். "ரெண்டு மெஷினையும் நிறுத்துங்க. என் கண்ணு முன்னாடி மறுபடி போடுங்க. புதுசா ஒரு ஊரு சேக்கணும், வேங்கிக்கால்னு. ரெண்டுலயும் ஒரே நேரத்துல கட்டணும். அப்பறம் ரெண்டு பதிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறேன்."

கேட்டது நியாயம்தான். ஆதிலட்சுமி இரண்டையும் நிறுத்தினாள். யூனிக்ஸ் யந்திரத்தை மறுபடி எழுப்புவது லேசான வேலை இல்லை, ஒரு ஆள் அதன் முன்னாலேயே உட்கார்ந்து அது கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அதே சமயம் இந்த அறையில் சின்னதை யார் எழுப்புவது? கோதண்டராமன் தடுப்புக்கு வெளியே நின்று தலையை மட்டும் நீட்டினார்.

"ஏம்மா, பன்னெண்டு மணி வரைக்கும் காப்பி கீப்பி குடுத்து இழுத்துடலாமா" என்று முணுமுணுத்தார்.

"வேணாம் சார்" என்றாள் ஆதிலட்சுமி. கூடத்துக் கோடியில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள் ராஜம்மாள். "அக்கா, கொஞ்சம் வாங்க. நீங்க இத ஆன் பண்ணுங்க. நான் அந்த ரூமுக்குப் போறேன்."

ராஜம்மாள் அசையவில்லை.

"உங்களுக்கும் எனக்கும்தான்கா தெரியும். வேற ஆளு இல்ல."

மெதுவாக வந்தாள். பிளாப்பியைப் போட்டாள், ஸ்விட்சைத் தட்டினாள். யந்திரம் முனகிக்கொண்டு எழுந்தது. தேதி கேட்டது, அடித்தாள். மணி கேட்டது. ராஜம்மாள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்து அறை வாசலில் நின்ற ஆதிலட்சுமி அவள் விரலையே பார்த்தாள். திங்கட்கிழமை டைப்ரைட்டிங் வகுப்புக்குத் திரும்புவதா இல்லையா என்பது இந்த ஒரு மணியில்தான் இருக்கிறது. தானே ஓடிப்போய் அடித்துவிடலாமா என்று கால் துடித்தது. ஆனாலும் போகவில்லை. போனால் ராஜம்மாள் இனி எந்த நாளும் அந்த யந்திரத்தின் பக்கம் வர மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

ராஜம்மாளின் ஒற்றை விரல் நீண்ட நேரம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு அடித்தாள். பதினொன்று. புள்ளி. பூஜ்யம், எட்டு.

"அழுத்தட்டுமா பாப்பா?"

"அழுத்துங்க."

அழுத்தினாள். அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த முறை எதையும் மறைக்கவில்லை. வேங்கிக்கால் சேர்த்த ஃபைலை ஆதிலட்சுமி இரண்டிலும் போட்டாள். இரண்டு அறையிலும் வரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடின. சின்னதுக்கு நாலு நிமிஷம் ஆயிற்று, பெரியதுக்கு ஒன்றரை. ராமகிருஷ்ணன் ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்குமாக நடந்தார். வேங்கிக்கால் இரண்டிலும் இருந்தது. கீழ்பென்னாத்தூர் எருமைப் பாலும் இருந்தது. இங்கே ஆறரை. அங்கேயும் ஆறரை.

"அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூர்ல கொண்டுபோயிப் போட்டுடுங்க" என்றார். "மெட்ராஸ் ஆளுங்க ரெண்டு தனித்தனியா எழுதணும்னாங்க. நீங்க ஒன்ன வெச்சே முடிச்சிட்டீங்க. நல்ல வேலைம்மா." படியிறங்கும்போது கோதண்டராமனிடம் திரும்பி, "பாத்தீங்களா, ராகு காலத்துலதான் முடிஞ்சுது" என்று ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். கோதண்டராமன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பூரிப்பில் செருப்போடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"அந்தக் கிளாசுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்மா" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அதை ஆதிலட்சுமி அன்றைக்குத்தான் அறிந்தாள். உடம்பெல்லாம் லேசாகி, நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனசே வரவில்லை. பசித்தது. ஒரு வாரமாகப் பசிக்காத பசி.

ராஜம்மாள் இரண்டு டம்ளர் டீ கொண்டு வந்தாள். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி பதினொன்றே முக்கால். ராகு காலம் முடிய இன்னும் கால் மணி இருந்தது.

"பாப்பா, உங்கிட்ட ஒன்னு நான் சொல்லல" என்றாள். "அந்தாளு பெங்களூரு போச்சுன்னு சொன்னேன் இல்ல? அங்க அவருக்கு ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருந்தா. ரெண்டு கொழந்த வேற. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே."

ஆதிலட்சுமி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"முப்பது வருஷமா அந்த நேரத்தத் திட்டிகினு இருந்தேன். இன்னைக்குத்தான் தோணுது. நல்ல நேரத்துல மாலை மாத்தியிருந்தா மட்டும் அவ அங்க இல்லாம போயிருப்பாளா?"

சொல்லிவிட்டு, தன் டீயை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு டம்ளரைக் கழுவ எழுந்து போனாள்.